புரட்டாசியில் விற்ற ஆடு

எங்கள் ஊரில் உப்பு விளைகிறது என்றுதான் சொல்வோம். உப்பு செய்கிறோம், தயாரிக்கிறோம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பாத்தி கட்டுவார்கள், தண்ணி பாய்ச்சுவார்கள், வெயில் நன்றாகக் காய்ந்தால் "இந்த வருஷம் நல்ல வெளச்சல்" என்பார்கள். மரக்காணத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னலிலிருந்து தெரிகிற வெள்ளைக் குவியல்களெல்லாம் அப்படி விளைந்தவைதான். சின்ன வயசிலிருந்து பேசிப் பழகிய பேச்சு. அதில் வில்லங்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

கொரோனா வந்த வருஷம் நான் கிராம உதவியாளராக இருந்தேன். ஊரில் தலையாரி என்பார்கள். அப்பா அந்த வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்குக் கிடைத்த வேலை. வி.ஏ.ஓ. சார் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போக வேண்டும், யாரைக் கூட்டி வரச் சொல்கிறாரோ அவரைக் கூட்டி வர வேண்டும். சர்க்கார் சம்பளம் உண்டு, அதிகாரம் கிடையாது. நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும் வாசலில் போய் நிற்கிற முகம் என்னுடையது.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தாள். சொந்தம் இல்லை, கூப்பிட்டுப் பழகிய அக்கா. அவளும் அவள் வீட்டுக்காரரும் உப்பளத்தில் பங்குக்கு வேலை செய்தார்கள். மகளை திண்டிவனம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமா அதிகம் பேச மாட்டார். வருஷக்கணக்காக வெள்ளை உப்பில் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணில் எப்போதும் தண்ணி கட்டியிருக்கும். அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். புடவைக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, உப்பை வாரியபடியே அவள் சொல்கிற கதைகளுக்கு பக்கத்துப் பாத்தியிலிருந்து சிரிப்பு வரும். ஆபீஸ் என்றால் மட்டும் வாய் அடைத்துப்போகும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போதுகூட என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஊரடங்கு சரியாக சீசனில் வந்தது. மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் ஏற ஏறத்தான் உப்பு. அந்த வருஷம் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை, பாத்தியில் உப்பு பூத்துப் பூத்து வந்தது. ஏற்றிக்கொண்டு போக லாரி இல்லை. அளத்து முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட காசு இல்ல. உங்க பங்க உப்பாவே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. வாரிய உப்பெல்லாம் கரையில் குவிந்து கிடந்தது. அக்காவும் மாமாவும் தங்கள் பங்கை மூட்டை கட்டி, வீட்டு ஓரமாக அடுக்கி, மேலே பனை ஓலை போட்டு மூடினார்கள்.

"பணக்காரி ஆயிட்டேன் பாத்தியா? வீட்டு வாசல்ல வெள்ளிக் குவியல்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். தினமும் ஒரு சாக்கை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளூர்ப் பக்கம் போய்ப் படி உப்பு விற்றுப் பார்த்தாள். தெருவுக்குத் தெரு மூங்கில் கட்டி அடைத்திருந்தது. அந்த மூங்கிலைக் கட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவள் சைக்கிள் வந்து நின்றால் நான்தான் "திரும்பிப் போ அக்கா" என்று சொல்ல வேண்டும். சொல்வேன். அவளும் திருப்பிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருத்தர், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு அம்மன் கோயில் நிழலில் வந்து உட்கார்ந்தார். விவசாயிகளுக்கு அரசாங்கம் நேராக பேங்க் அக்கவுண்டில் பணம் போடுகிறது, கொரோனாவுக்காக இப்போது சீக்கிரமாகவே போடுகிறார்கள், ஆதாரும் பாஸ்புக்கும் இருந்தால் போதும் என்றார். பதிவு பண்ணிக் கொடுக்க அவருக்குத் தனிக் காசு.

அக்காவின் முறை வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னம்மா தொழில்?"

"உப்பளம்."

"உப்பு வெளைய வைக்கிறீங்க. பாத்தி கட்டுறீங்க, தண்ணி பாய்ச்சுறீங்க. அப்ப விவசாயிதான்" என்று தட்டினார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். விவசாயி என்று ஒருத்தர் அவளைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது அவளுக்கு.

நான் அன்று சாயங்காலமே வி.ஏ.ஓ. சாரிடம் கேட்டேன். "சார், இது நம்ம வழியாத்தானே வரணும்? உப்பளத்து ஆளுங்க, மீன் பிடிக்க போட்டுல போறவங்கல்லாம் எழுதிக்கிறாங்க."

அவர் காலையிலிருந்து வெளியூர்க்காரர்களைத் தனிமைப்படுத்துகிற வேலையில் அலைந்துவிட்டு மாஸ்க்கைக் கழற்றிக்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஆன்லைன்லயே பண்ணிக்கலாம்னு மாத்திட்டாங்கம்மா. நம்மள யாரு கேக்குறா? ஜனங்க பட்டினி கெடக்குது, வந்தா வரட்டும்" என்றார். சாரைக் கேட்டுவிட்டேன், பயம் இல்லை என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

பணம் வந்தது. ஒரு மத்தியானம் தெருவில் ஒவ்வொரு வீடாக போன் கிணுங்கியது. மெசேஜைப் படிக்கத் தெரியாதவர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள். அக்கா போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள், சாமி பிரசாதம் மாதிரி. "நெசமா எனக்கா? பேரு சரியா இருக்குதா பாரு" என்று மூன்று தரம் கேட்டாள். பேர் சரியாக இருந்தது.

எங்கள் ஊர்க் கோடியில் ஒருத்தர் குத்தகை நிலத்தில் தர்பூசணி போட்டு, பழமெல்லாம் கொடியிலேயே வெடித்து அழுகி, அந்த நாற்றம் வாரக்கணக்கில் வீசிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு பைசா வரவில்லை. பட்டா நிலத்துக்காரர் பேரில் இருந்தது. நிலத்துக்காரர் சென்னையில் இருந்தார், பணமும் அவருக்குத்தான் வந்தது. அப்போதே இந்தப் பணம் எந்தப் பக்கம் பார்த்து வருகிறது என்று நான் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

அடுத்த தவணையும் வந்த பிறகு, அக்கா மூக்குத்தியை அடகு வைத்து அதையும் சேர்த்து, கிளியனூர் பக்கம் போய் ஒரு சினை ஆட்டை வாங்கி வந்தாள். தெருவே கூடிப் பார்த்தது. கறுப்பு ஆடு, காதில் மட்டும் வெள்ளை.

"அரிசி வாங்கினா தின்னு தீத்துடுவோம். உப்பு ஒரு மழைக்கு நிக்காது. இது குட்டி போடும்" என்றாள்.

மாமாவுக்கு ஆட்டின் மேல் உயிர். அளத்து ஓரம் முழுக்க வேலிக்காத்தான் மரம்தான். அதன் காயை ஆடு விரும்பித் தின்னும். அவர் தொரட்டியால் உலுக்கிப் போட்டுவிட்டு அது தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஆடி கழிந்து இரண்டு குட்டி போட்டது. அன்றைக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, "ரெண்டு" என்று இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பேச்சு. முகத்தில் இருந்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் தெரிந்தது.

ஆவணிக் கடைசியில் டிவியில் செய்தி வர ஆரம்பித்தது. விவசாயி அல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பணம் வாங்கிவிட்டார்கள், மோசடி, விசாரணை என்று. கம்ப்யூட்டர் சென்டர் பூட்டிக் கிடந்தது. ஊரில் யாரும் அதைத் தங்களோடு சேர்த்து நினைக்கவில்லை. மோசடி என்றால் பெரிய ஆட்கள் செய்வது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

பிறகு வி.ஏ.ஓ. சார் என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு ஸ்கூல்ல கேம்ப். நம்ம ஊருல வாங்கினவங்க எல்லாரையும் வரச் சொல்லு. பணத்த திருப்பிக் கட்டணும்."

"சார், எல்லாரும் செலவு பண்ணியிருப்பாங்களே."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "கலெக்ஷன் எவ்வளவுன்னு தினம் சாயங்காலம் கேக்குறாங்க."

வீடு வீடாகப் போனேன். சில பேர் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர், "பணம் வந்திருக்குன்னு சொன்னதும் நீதான், திருப்பிக் குடுன்னு சொல்றதும் நீதான். உனுக்கே நல்லா இருக்குதா?" என்று கேட்டார். அக்கா மட்டும் என்னைக் குறை சொல்லவில்லை. குட்டிகள் இரண்டும் அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தன. "போலீஸ் வருமா?" என்றாள்.

"வராது அக்கா. சும்மா கேப்பாங்க."

"நீ கூட இருப்ப இல்ல?"

"இருப்பேன்."

கேம்ப் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. விவசாய ஆபீஸிலிருந்து வந்திருந்த மேடம் சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர்கள் ஆபீஸிலேயே சில பேரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள், அடுத்து யார் என்று எல்லோருக்கும் பயம். மேடம் எல்லோரையும் உட்காரவைத்து, தண்ணி கொடுக்கச் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"உங்களுக்கு நிலம் எவ்வளவும்மா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமாதான் பேசினார். "நெலம் இல்லீங்க. பாத்தி இருக்குது."

"என்ன பயிர்?"

"உப்பு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்கள். "உப்பு பயிர் இல்லைங்க."

"வெளையுதுங்களே."

"அது தொழில்ல வரும். விவசாயத்துல வராது."

"மழ பேஞ்சா போயிடுதுங்க. வெயில் இருந்தாதான் உண்டு. நெல்லு மாதிரிதாங்க" என்றார் மாமா. அவர் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. கண்ணிலிருந்து வழக்கம்போல் தண்ணி வழிந்தது. அவர் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு மேடம் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது வெயில் கண்ணீர் மேடம் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

"கவர்ன்மென்ட்ட ஏமாத்தணும்னு நாங்க வரலைங்க" என்றாள் அக்கா, ஒருவழியாக.

"எனக்குத் தெரியும்மா. நீங்க ஏமாத்தினீங்கன்னு நான் சொல்லல. ஆனா தகுதி இல்லாதவங்க திருப்பிக் கட்டணும்னு ஆர்டர். இந்த வாரத்துக்குள்ள கட்டலன்னா என் கையில இல்ல."

மாமா வாசல் பக்கம் கையைக் காட்டினார். "வீட்டுல மூட்டை மூட்டையா உப்பு இருக்குது. அத எடுத்துக்குங்களேன்." யாரையும் குத்திக்காட்டச் சொன்னதல்ல அது. நிஜமாகவே கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

அக்கா எழுந்து கைகூப்பினாள். "ஆடு ஒண்ணு வாங்கிட்டேன் மேடம். அத வித்துக் கட்டிடுறேன். தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க. இப்ப புரட்டாசி, யாரும் கறி எடுக்க மாட்டாங்க. தீபாவளிக்கு நல்ல வெல போவும். முழுசா கட்டிடுவேன்."

மேடம் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது செய்ய முடியும் என்பது போல. நான் வி.ஏ.ஓ. சாரைப் பார்த்தேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மூன்று பேரும் சம்பளம் வாங்குகிறவர்கள். மூன்று பேரில் ஒருத்தராலும் ஒரு மாசத் தவணை கொடுக்க முடியவில்லை.

"முடியாதும்மா" என்று மேடம் சொன்னார்கள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார்கள்.

எல்லோரும் போனபின் சாரிடம் கேட்டேன், "நான் அந்த ஆட்ட வாங்கிக்கட்டுமா சார்? தீபாவளிக்கு அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடுறேன்."

"பைத்தியமா உனக்கு? தலையாரி ஆட்ட வாங்கிக்கிட்டு லிஸ்டுலேர்ந்து பேர விட்டுட்டாள்னு மறுநாளே பெட்டிஷன் போவும். இருக்குற கெடுபிடியில உன் வேலையும் போயிடும், என்னுதும் போயிடும்."

அவர் சொன்னது சரி. வேலை போனால் என் பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை. நான் சேர்களை அடுக்கிவைத்தேன்.

வியாபாரி ரெண்டு நாள் கழித்து வந்தார். ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், "புரட்டாசிம்மா, நானே இத தீனி போட்டு வெச்சிருக்கணும்" என்று வாங்கிய விலைக்கு ரொம்பக் கீழே கேட்டார். அக்கா பேரம் பேசத் தெரிந்தவள். உப்புக்கு அவள் பேசுகிற பேரத்தைக் கேட்கக் கூட்டம் கூடும். அன்றைக்குக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டாள். குட்டிகள் வேண்டாம், எலும்பும் தோலுமாக இருக்கின்றன என்று வியாபாரி தாயை மட்டும் டாடா ஏஸில் ஏற்றினார். அது ஏறும்போது கத்தவில்லை, குட்டிகள்தான் கத்தின. மாமா வேலிக்காத்தான் காயை ஒரு கை அள்ளி வண்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

பணத்தைக் கட்ட நான் அக்காவோடு பேங்குக்குப் போனேன். ஆட்டுக் காசு போதவில்லை, மகளிடம் கேட்டு வாங்கியதையும் சேர்த்துத்தான் கட்டினாள். சீட்டை வாங்கி மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது அக்கா" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த மாசம் நூறு நாள் வேலைக் கூலி அவள் அக்கவுண்டில் விழுந்தது. எடுக்கப் போனால் வரவில்லை. கவுண்ட்டரில் இருந்தவர், "அக்கவுண்ட் ஹோல்டுல இருக்குது. மேலேர்ந்து போட்டது, மேலேர்ந்துதான் எடுக்கணும்" என்றார். பணத்தைக் கட்டிவிட்டோமே என்று சீட்டைக் காட்டினோம். "கட்டினது சரி. ரிலீஸ் பண்ணச் சொல்லி லெட்டர் வரணும்." தாலுகா ஆபீஸில் கேட்டேன், விவசாய ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள். விவசாய ஆபீஸில் அந்த மேடம் இல்லை, மாற்றல் ஆகிவிட்டார்கள். புதிதாக வந்தவர், "அனுப்பிட்டோமே, பேங்க்லதான் பாக்கணும்" என்றார். போன இடத்திலெல்லாம் எல்லோரும் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். உட்காரச் சொன்னார்கள். நானும் அரசாங்க ஆள் என்பதால் ஓரிடத்தில் டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். கதவு எது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அளத்தில் தண்ணி நின்றுவிட்டால் வேலை இல்லை, தை வரைக்கும் சும்மா உட்கார வேண்டியதுதான். அக்கா வீட்டு ஓரத்து மூட்டைகளில் அடி வரிசை முழுக்கக் கரைந்து தெருவில் ஓடியது. குட்டிகளுக்கு அவள் மாட்டுப்பால் வாங்கி, தண்ணி கலந்து, பால் பாட்டிலில் ஊட்டிப் பார்த்தாள். ஒன்று புயல் மழையில் விறைத்துச் செத்தது. அதைப் புதைக்க மாமாவோடு நானும் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். தோண்டத் தோண்டக் குழியில் தண்ணி ஊறிக்கொண்டே இருந்தது.

இன்னொன்று பிழைத்தது. ஆனால் அக்கா அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. மகள் வந்தபோது கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். "இங்க இருந்தா இதையும் கேப்பாங்க" என்றாள். கேட்க மாட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன்.

அக்கவுண்ட் எப்போது திறந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மறு வருஷம் ஒரு நாள் போனபோது பணம் வந்தது, அவ்வளவுதான். அதற்குள் அடகு வைத்த மூக்குத்தி முழுகிவிட்டது. அக்கா சிரிப்பாள், பேசுவாள், வேலை செய்வாள். ஆனால் போன் கிணுங்கினால் எடுத்துப் பார்க்க மாட்டாள். மாமா எடுத்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

சில வருஷம் கழித்து, மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத்துக்காரர்களுக்கென்றே அரசாங்கம் ஓர் உதவித்தொகை அறிவித்தது. எனக்கு அந்தச் சேதி வந்தபோது மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கு நல்ல மழை. காத்திருக்காமல் நனைந்துகொண்டே அக்கா வீட்டுக்குத்தான் முதலில் ஓடினேன்.

"உப்பளத்துக்காரங்களுக்குன்னே போடுறது அக்கா. விவசாயின்னு சொல்ல வேணாம். உப்பளம்னு சொன்னாப் போதும்."

அவள் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. "வேணாம்மா."

"தப்பே வராது. நான் வி.ஏ.ஓ. சாருகிட்ட நல்லா கேட்டுக்கினேன்."

"அன்னிக்கும் கேட்டுக்கினுதான வந்து சொன்ன?"

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. என்மேல் வருத்தம்கூட இல்லை அவளுக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு நீ சொல்லு, நான் ஆதார தரேன்" என்றாள். "உன் வாயால சொல்லு."

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பணம் வேண்டும் என்று தெரிந்தது. பணத்தைக் கொடுக்கிறது யார், திருப்பிக் கேட்கிறது யார் என்றே நான் பார்த்ததில்லை. அவர்களுக்காக நான் எப்படி வாக்கு கொடுப்பேன்?

"டீ குடிச்சிட்டு போ" என்றாள் அக்கா. குடித்தேன்.

உதவித்தொகைக்கு எழுதிக் கொடுக்கக் கடைசித் தேதிக்கு முந்தின நாள் மறுபடி போனேன். வீடு பூட்டியிருந்தது. மழை ரெண்டு நாள் விட்டிருந்ததால் வரப்பு உடைந்த இடத்தை அடைக்க ரெண்டு பேரும் அளத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கேயும் போனேன். தூரத்தில் முழங்கால் சேற்றில் நின்று அக்கா மண் வெட்டிக் கொடுக்க, மாமா வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டிலிருந்து கையை ஆட்டினேன். அவள் பார்த்தாள். அவளும் கையை ஆட்டிவிட்டு, குனிந்து அடுத்த கூடைக்கு மண்ணை வெட்டத் தொடங்கினாள்.